ஹீட்டர் மாற்றிய பிறகு சிங்கில் தண்ணீர் நூலாக வருகிறதா?

புது ஹீட்டர் மாட்டியாகிவிட்டது. சூடும் நன்றாக இருக்கிறது. ஆனால் சிங்க் பைப்பைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்குகிறது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே பழி புது ஹீட்டர் மேல் விழும். "லிட்டர் பத்தாது போல, பெரிசா வாங்கியிருக்கணும்" என்று வீட்டில் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

தொட்டி வகை ஹீட்டர் என்பது ஒரு மூடிய பாத்திரம்தான். அடிப்பக்கமாகப் பச்சைத் தண்ணீர் நுழைகிறது. அது தள்ளத் தள்ள மேல்பக்கமாக வெந்நீர் வெளியேறுகிறது. உள்ளே தண்ணீரின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பாகம் எதுவும் இல்லை. 15 லிட்டர் என்றாலும் 30 லிட்டர் என்றாலும் வேகம் ஒன்றேதான். சின்னதில் வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துவிடும், வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே ஹீட்டரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். அதை மாட்டும்போது கைபட்ட வால்வு, கழற்றி மாட்டிய இணைப்பு, குழாய்க்குள் கிளம்பிய குப்பை இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

வாஷ்பேசின், சமையலறை சிங்க், ஷவர் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் பச்சைத் தண்ணீரை மட்டும் முழுதாகத் திறந்து பார்த்து மூடுங்கள். அப்புறம் வெந்நீரை மட்டும். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் என்றால் கைப்பிடியை ஒரு பக்கக் கடைசி வரை தள்ளித் திறக்க வேண்டும். நடுவில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சமையலறைக்கு வெந்நீர் குழாயே இழுக்காத வீடுகள் ஏராளம். அங்கே பச்சைத் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். ஒரு பைப்பிலா, எல்லாவற்றிலுமா? வெந்நீர் மட்டுமா, இரண்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் தானாகவே சுருங்கிவிடும். பலர் இதைச் செய்யாமல் நேராக ஸ்பேனரைத் தூக்குகிறார்கள்.

'குறைவு' என்பதையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். 1.5 லிட்டர் பாட்டிலைப் பைப்பின் கீழ் வைத்து நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 15 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர். 22 நொடி பிடித்தால் ஏறக்குறைய 4 லிட்டர். இந்த இரண்டு எண்களும் கடைசியில் தேவைப்படும்.

ஒரே பைப்பில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டுமே குறைவு

கோளாறு பைப்பின் வாயில்தான். ஹீட்டர் வேலைக்காகத் தண்ணீரை மூடித் திறக்கும்போது குழாய்க்குள் ஒரு குலுக்கல் ஏற்படும். அதுவரை சுவரோடு ஒட்டிக்கிடந்த துரு, மண் எல்லாம் கிளம்பிவிடும். அதோடு ஒழுகாமல் இருக்கப் புது இணைப்புகளில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் அறுந்த நுனி, வெட்டுப்பட்ட ரப்பர் வாஷரின் துணுக்கு எல்லாம் சேர்ந்து ஓடிவந்து பைப் நுனியில் இருக்கும் ஏரேட்டர் வலையில் சிக்கிக்கொள்ளும்.

சிங்கின் வடிகால் துளையை முதலில் ஒரு துணியால் மூடிவிடுங்கள். சின்ன வாஷர் உள்ளே போய்விட்டால் அப்புறம் வடிகாலைக் கழற்ற வேண்டியிருக்கும். ஏரேட்டரைப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகினாலே பெரும்பாலும் கழன்றுவிடும். மறுத்தால் துணி சுற்றிய ஸ்பேனரால் மெதுவாகத் திருகுங்கள். துணி இல்லாமல் பிடித்தால் குரோமியப் பூச்சு கீறிவிடும். கழன்றதை வெளிச்சத்தில் பாருங்கள்: வலையின் உட்புறத்தில் வெள்ளை நாராக டெஃப்லான், கடுகளவு கறுப்பு ரப்பர், செம்பழுப்பு மணல் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு வலையின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கித் தேய்த்துக் கழுவுங்கள். குப்பை எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே போக வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து தேய்த்தால் வலைக்குள் இன்னும் அழுந்திவிடும்.

உள்ளே சின்னத் துளையோடு ஒரு பிளாஸ்டிக் வில்லையும் இருக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைச் சேமிக்க வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த 'திம்பிள்' அதுவாக இருக்கும். அந்தத் துளை சிறியது, ஒரு ரப்பர் துணுக்கு விழுந்தாலே பாதி ஓட்டம் நின்றுவிடும். கழுவித் திரும்பப் போடுங்கள்.

ஏரேட்டரைத் திரும்ப மாட்டுவதற்கு முன், வெறும் வாயோடு பைப்பை ஒரு நிமிடம் முழுதாக ஓடவிடுங்கள். வெந்நீரையும் ஓடவிட வேண்டும், ஏனென்றால் குப்பை அதிகம் தங்குவது அந்தப் பக்கம்தான். அடுத்த சில நாள்களில் மறுபடி குறைந்தால் திரும்பவும் கழற்றிக் கழுவுங்கள். ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது.

இணையத்தில் தேடினால் ஏரேட்டரை வினிகரில் ஊறப்போடச் சொல்வார்கள். அது சுண்ணாம்பு படியும் கடினத் தண்ணீர் ஊர்களுக்கான வைத்தியம். சிங்கப்பூர் குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினமானது அல்ல. ஹீட்டர் மாற்றிய கையோடு வரும் அடைப்பு சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டெஃப்லானும் ரப்பரும் வினிகரில் கரையாது. பிரஷ் போதும்.

ஒரே பைப்பில் வெந்நீர் மட்டும் குறைவு

மிக்சரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே ஏரேட்டர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது, வெந்நீர் ஒழுகுகிறது என்றால் ஏரேட்டர்மேல் தப்பே இல்லை. அதைக் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். மற்ற இடங்களில் வெந்நீர் நன்றாக வருவதால் ஹீட்டரையும் விட்டுவிடலாம்.

மிச்சம் மூன்று இடம்: சிங்குக்கு அடியில் சுவரிலிருந்து வரும் ஆங்கிள் வால்வு, அதிலிருந்து மேலே போகும் வளைஹோஸ், மிக்சருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜ்.

ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்காரர் மூடிவிட்டு, திரும்பப் பாதி மட்டும் திறந்திருப்பார். நம்ப முடியாத அளவுக்குச் சகஜம். ஹோஸ் எங்கேயாவது மடங்கி நெரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அலமாரிக்குள் பாத்திரக் கூடையைத் தள்ளியபோதுகூட மடங்கியிருக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தால் கோளாறு ஹோஸுக்கு முன்னாலா பின்னாலா என்று பிரித்துப் பார்க்கலாம். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்கோடு இருக்கும் அந்தச் சுவிட்ச்தான். வெந்நீரைத் திறந்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை ஓடவிடுங்கள். வாளியில் பிடித்தால் தரை கழுவ உதவும். அப்புறம் வெந்நீர் ஆங்கிள் வால்வை மூடி, ஹோஸின் கீழ்முனையைக் கழற்றுங்கள். வால்வின் வாய்க்கு நேராக வாளியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள். ஒருவர் வாளியைப் பிடிக்க, ஒருவர் வால்வைத் திருப்புவது நல்லது.

வால்விலிருந்து பலமாகப் பீச்சினால் அடைப்பு ஹோஸிலோ கார்ட்ரிட்ஜிலோதான். ஹோஸை இரு முனையும் கழற்றி ஊதிப் பாருங்கள். எஃகுப் பின்னலுக்குள் இருக்கும் ரப்பர் வருடக்கணக்கில் வெந்நீர் பட்டு உப்பி, உள்வழி சுருங்கியிருக்கலாம். வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். ஊத மறுத்தால் புதிது வாங்கிப் போடுங்கள், சில வெள்ளிதான். கார்ட்ரிட்ஜ் என்றால் இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் மூடி, கைப்பிடிக்கு அடியில் உள்ள சின்னத் திருகை ஆலன் கீயால் தளர்த்தி வெளியே எடுக்க வேண்டும். அதன் அடியில் இரண்டு உள்வழித் துளைகள் இருக்கும். வெந்நீர்த் துளையில் டெஃப்லான் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பல வேளை நேரிலேயே பார்க்கலாம். பல்குச்சியால் எடுங்கள், ஊசியால் நோண்டாதீர்கள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பீங்கான் வில்லையில் கீறல் விழுந்தால் அப்புறம் சொட்டு நிற்காது.

வால்விலிருந்தே தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறதா? அப்படியானால் வால்வுக்குள்ளோ அதற்கு முந்தைய குழாயிலோ அடைப்பு. சில தடவை மூடித் திறந்து பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிளம்பர் வேலை.

வீடு முழுக்க வெந்நீர் குறைவு, பச்சைத் தண்ணீர் சரி

இங்கேதான் ஹீட்டர் பக்கம் திரும்ப வேண்டும். அதுவும் ஹீட்டருக்குள்ளே இல்லை, அதன் வாசலில். தண்ணீர் உள்ளே போகும் வழியில் ஒரு மூடுவால்வு இருக்கும். நெம்புகோல் வகை என்றால் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்திருந்தாலே ஓட்டம் குறையும். சக்கரக் கைப்பிடி என்றால் இடப்பக்கம் நிற்கும்வரை திருப்பிப் பாருங்கள். ஹீட்டர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும் வீடுகளில் வேலைக்காரர் இருட்டில் கைதடவி வேலை பார்த்திருப்பார். வால்வு பாதியில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அதையடுத்து நான்-ரிட்டர்ன் வால்வு. வெந்நீர் பின்னோக்கிப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் போகாமல் தடுப்பது அது. பல ஹீட்டர்களில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் இதோடு சேர்ந்தே வரும். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன மூடி. இதில் ஒரு துணுக்கு டெஃப்லான் சிக்கினால் மூடி பாதிதான் திறக்கும். இதே வால்வின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து ஹீட்டர் சூடாகும்போது சொட்டுச் சொட்டாக ஒழுகுவது இயல்பு. தண்ணீர் சூடானால் விரியும், அதற்கு வழி வேண்டும். சொட்டுகிறதே என்று யாரும் அதை அடைத்துவிடாதீர்கள். வெடிப்பைத் தடுப்பதற்காகவே வைத்தது அது.

செப்புக் குழாயைத் தீயால் சூட்டுப்பற்று (சால்டரிங்) வைத்து இணைத்திருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கலாம். சில ஹீட்டர்களின் நுழைவு, வெளியேறும் முனைகளுக்குள் பிளாஸ்டிக் உறை இருக்கும். தீயை முனைக்கு மிக அருகே பிடித்தால் அது உருகி வழியைச் சுருக்கிவிடும். வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வால்வு முழுதாகத் திறந்திருந்தும், மூலைமுடுக்கெல்லாம் வெந்நீர் முதல் நாளிலிருந்தே குறைவாக இருந்தால், மாட்டியவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். "அண்ணே, முனையில வச்சே பத்த வச்சீங்களா, இல்ல தள்ளிப் பத்த வச்சு அப்புறம் மாட்டினீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஷவரில் மட்டும் மாட்டும் உடனடி ஹீட்டர் என்றால் கதை வேறு. அதன் நுழைவில் சின்ன வலை ஒன்று உண்டு. அதையும், அடியில் இருக்கும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகையும் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

வெந்நீர் பக்கம் சொட்டுக்கூட வரவில்லை

மூடுவால்வு மூடியே இருக்கலாம். அல்லது நான்-ரிட்டர்ன் வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கலாம். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு ஹீட்டரை நோக்கி இருக்க வேண்டும். இந்த நிலையில் ஹீட்டர் சுவிட்சைப் போடவே போடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் சூடேற்றும் கம்பி வெறுமனே காய்ந்து கருகிவிடும். வெந்நீர் பைப்பில் தண்ணீர் நிறைந்து ஓடிய பிறகுதான் சுவிட்ச்.

திறந்ததும் வேகமாக வந்து, பிறகு குறைகிறது

மூடியிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் சேர்ந்திருக்கும். திறந்ததும் அது ஒரு நொடி பாய்ந்து தீர்ந்துவிடும். பின்னால் எங்கேயோ வழி குறுகலாக இருந்தால் அதற்குமேல் தண்ணீர் வந்து சேராது. ஆகவே இது வால்வு பாதி திறந்திருப்பதற்கான அடையாளம். வெந்நீரில் மட்டும் இப்படி என்றால் ஹீட்டரின் மூடுவால்வையும் நான்-ரிட்டர்ன் வால்வையும் முதலில் பாருங்கள்.

குறைவது ஒரே நொடியில் இல்லாமல், தண்ணீர் சூடாகச் சூடாக மெதுவாகக் குறைந்தால் அது வேறு. சுற்றித் திறக்கும் பழைய மாடல் பைப்பில் உள்ள ரப்பர் வாஷர் வெந்நீர் பட்டு உப்பி வழியை மறைக்கிறது. வெந்நீருக்கு ஏற்ற வாஷர் மாற்றினால் போதும்.

விட்டு விட்டுத் துப்புகிறது

காற்று. காலித் தொட்டியை நிரப்பும்போது உள்ளே மாட்டிக்கொண்டது. எல்லா வெந்நீர் பைப்புகளையும் திறந்துவைத்து, துப்பல் நின்று சீராக ஓடும்வரை விடுங்கள். அடுத்த நாளும் துப்பினால் மாட்டியவரிடம் சொல்லுங்கள்.

ஓட்டமும் குறைவு, சூடும் வெதுவெதுப்புதான்

வாஷ்பேசினில் வெந்நீர் திறந்தால் சோம்பலாக, வெதுவெதுப்பாக வருகிறது. ஆனால் ஹீட்டர் சூடாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வீட்டில் வேறு எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் நுழைகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கைப்பிடியில் அழுத்தி நிறுத்தும் கைஷவர். மிக்சரைத் திறந்தபடி விட்டு, ஷவர் தலையில் மட்டும் மூடியிருப்பார்கள். உள்ளே இரு பக்கமும் இணைந்தே இருக்கும். புது ஹீட்டருக்குப் போகும் வழியில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு சேர்த்திருந்தால் வெந்நீர்ப் பக்கம் பலம் குறைந்து, பச்சைத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடும். முன்பு தெரியாத வழக்கம் இப்போது தெரியத் தொடங்கும். மிக்சரை அதன் கைப்பிடியிலேயே மூடிப் பாருங்கள்.

மூடியும் மாறவில்லை, கொஞ்ச நேரம் மட்டும் சூடாக வந்து சட்டென்று ஆறிவிடுகிறது என்றால் நுழைவையும் வெளியேற்றத்தையும் மாற்றி மாட்டியிருக்கலாம். நீல வளையம் நுழைவு, சிவப்பு வளையம் வெளியேற்றம்.

எல்லாப் பைப்பும், கழிவறைத் தொட்டி நிரம்புவதும்கூட மெதுவாகிவிட்டது

வீட்டின் பிரதான வால்வைப் பாருங்கள். வீவக வீடுகளில் அது பெரும்பாலும் வெளியே, தண்ணீர் மீட்டர் இருக்கும் இடத்தில். ஹீட்டர் வேலைக்காக அதைத்தான் மூடியிருப்பார்கள். பழைய பித்தளை கேட் வால்வுகளில் ஒரு வேடிக்கை உண்டு. வருடக்கணக்காகத் தொடாமல் இருந்ததை இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்கிவிடும். கைப்பிடி இலேசாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் கூடாது. அப்படித் தெரிந்தால் மேலும் பலம் போடாமல் பிளம்பரை அழையுங்கள்.

அதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அக்கா, உங்க வீட்ல தண்ணி எப்படி வருது?" அங்கேயும் குறைவு என்றால் ஹீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுக்குமாடியில் மேல்மாடிகளுக்குக் கூரைத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது. தொட்டிக்கு மிக அருகே இருக்கும் மாடிகளில் அழுத்தம் இயல்பிலேயே குறைவு. தொட்டி கழுவும் நாளில் தண்ணீர் நின்று வரும்போது கொஞ்சம் மண்ணும் சேர்ந்து இறங்கலாம். மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஒன்றும் ஒட்டியிருக்காவிட்டால் நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்புச் சேவையை அழைக்கலாம், 24 மணி நேரமும் இருப்பார்கள். ஆனால் மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கும் குழாய்க்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஹீட்டரோடு சேர்த்துப் பைப்பையும் மாற்றினீர்களா?

அப்படியானால் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் விற்கும் பைப்புகளும் மிக்சர்களும் குறைந்தது இரண்டு டிக் தண்ணீர்ச் சிக்கன முத்திரை பெற்றிருக்க வேண்டும். இரண்டு டிக் என்றால் வாஷ்பேசின் பைப்பில் நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் வராது, சமையலறை சிங்கில் 6 லிட்டர். மூன்று டிக் என்றால் இன்னும் குறைவு: 2, 4. பத்து வருடப் பழைய பைப்போடு ஒப்பிட்டால் இது நூல் மாதிரிதான் தெரியும். முதலில் பாட்டிலில் பிடித்த கணக்கை எடுத்துப் பாருங்கள். புது வாஷ்பேசின் பைப்பில் 22 நொடி, சிங்கில் 15 நொடி என்றால் பைப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தியைப் பிடுங்கிப்போடும் ஆட்கள் உண்டு. அதற்குப் பதில் பானையை நிரப்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம்.

பிளம்பரைத் திரும்ப அழைப்பது

தொட்டி வகை ஹீட்டரின் குழாய் வேலை பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டியது. மின் இணைப்புக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் தனி. ஏரேட்டர், ஹோஸ், கார்ட்ரிட்ஜ் வரை நீங்கள் பார்க்கலாம். ஹீட்டரின் இரு முனைகளையும் பாதுகாப்பு வால்வையும் தொட்டால் உத்தரவாதத்துக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து.

அழைக்கும்போது "தண்ணி சரியா வரல" என்று மட்டும் சொன்னால் அவர் வந்து ஏரேட்டரைக் கழுவி, வந்ததற்கான கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சோதித்துப் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "பேசின், ஷவர் ரெண்டுலயும் வெந்நீர் மட்டும் குறைவு. பச்சைத் தண்ணீர் நல்லா வருது. ஒன்றரை லிட்டர் பாட்டில் நிரம்ப வெந்நீர்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நீங்க மாட்டின நாள்லேருந்தே இப்படித்தான்." இதைக் கேட்ட பிளம்பர் ஏணியோடு வருவார். வேலை செய்து சில நாள்களுக்குள் அழைத்தால் கூலி இல்லாமல் பார்த்துத் தருவதுதான் வழக்கம். முடித்த பிறகு அவர் முன்னிலையிலேயே பாட்டிலை வைத்து ஒரு தடவை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.